குட்டு

அண்ணி: ...முதல்ல அந்தப் பேனரைக் கழட்டுங்க தம்பி. யாராவது வந்து பார்த்தா மானம் போயிடும்.

தம்பி: ஏன் அண்ணி, கலர் நல்லாத்தான வந்திருக்கு? என் கடையில நானே நின்னு அடிச்சது.

அண்ணி: கலருக்கு ஒரு குறையும் இல்ல. எழுத்தைப் படிங்க.

தம்பி: "குட்டு. தமிழ் எழுத்துப்பிழை திருத்தி. பங்களிப்பாளர் கூட்டம். ஆளுக்கொரு சொல் தருவோம், அதுவே நம் முயற்ச்சி."

அண்ணி: கடைசி வார்த்தை.

தம்பி: முயற்ச்சி. ஏன்... சரியாத்தான...

அண்ணி: தம்பி.

தம்பி: ஐயையோ.

அண்ணி: பிழை திருத்தற கூட்டத்துக்குப் பேனர்லயே பிழை. விளங்கிடும்.

தம்பி: 'ற்'... 'ற்' ஒரு ஒண்டிக்கட்டை.

அண்ணி: ம்... மீதியையும் சொல்லுங்க.

தம்பி: பக்கத்துல இன்னொரு புள்ளி எழுத்தை உக்கார விடாது. முயற்சி. பயிற்சி. ...அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை குட்டு வச்சிருப்பான் மண்டையில!

அண்ணி: கை வலிச்சுப் போய்த்தான, குட்டறதுக்குன்னே ஒரு மென்பொருள் எழுதினாரு? 'தட்டச்சுப் பயிற்ச்சி நிலையம்'னு ஒரு போர்டு அடிச்சுக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?

தம்பி: இருக்காம என்ன. இன்னும் அங்கேயேதான் தொங்குது.

அண்ணி: அதைப் பார்த்துட்டு வந்த அன்னிக்குத்தான் உக்காந்தாரு. "என் தம்பி ஒருத்தனுக்காவது இது வேணும்"னாரு. அப்புறம் பார்த்தா, ஊர்ல பாதிப் பேருக்கு வேண்டியிருந்துச்சு.

தம்பி: வெள்ளை டேப்பு வச்சு அந்த 'ச்' மேல ஒட்டிடறேன் அண்ணி. தெரியாது.

அண்ணி: ஒட்டுங்க. நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கும்... பரவால்ல.

தம்பி: அண்ணி... அங்க உக்காராதீங்க.

அண்ணி: எங்க?

தம்பி: அந்தக் கடைசி நாற்காலி. கதவுகிட்ட இருக்கறது. அது ஒருத்தருக்கு வச்சிருக்கேன்.

அண்ணி: இத்தனை நாற்காலி காலியாத்தான கெடக்கு? எனக்கு இங்கதான் காத்து வருது.

தம்பி: இல்ல, அது...

அண்ணி: யாருக்கு?

தம்பி: ...ஒருத்தருக்கு. வந்ததும் சொல்றேன்.

அண்ணி: அவரு வந்தா எந்திரிச்சுக்கறேன். போய் டேப்பை ஒட்டுங்க.

தம்பி: ம்... அண்ணன் படத்தை மேசை மேல வைக்கட்டுமா, இல்ல சுவர்லயா?

அண்ணி: மேசை மேல வைங்க. சுவர்ல மாட்டினா ரொம்ப நாளைக்கு முன்னாடி செத்தவர் மாதிரி இருக்கும்.

தம்பி: ...சரி.

அண்ணி: ஆள் வர நேரமாச்சே. ஒரு தலையையும் காணோம்.

தம்பி: மழை தூறுதுல்ல, அதான். கொஞ்சம் முன்ன பின்னத்தான் வருவாங்க. பொறுங்க... காலடிச் சத்தம் கேக்குது.

அண்ணி: வாங்க வாங்க! உள்ள வாங்க!

தம்பி: வாங்க சார்! இங்க உக்காருங்க. எந்த ஊரு நீங்க? எப்படித் தெரியும் நம்ம கூட்டம்? டீ குடிக்கறீங்களா?

மண்டபக்காரர்: நான் இந்த மண்டபத்துக்காரனுங்க. காலையில சாவி குடுத்தது நான்தான்.

தம்பி: ...ஆமால்ல.

மண்டபக்காரர்: மாடியில தையல் வகுப்புக்கு நாற்காலி பத்தலையாம். இங்க உபயோகப்படாதது இருந்தா எடுத்துக்கலாமான்னு...

தம்பி: இல்ல இல்ல. நிறையப் பேர் வர்றாங்க.

மண்டபக்காரர்: அப்படீங்களா... இந்தப் படத்துல இருக்கறவரு? ஓ, இரங்கல் கூட்டமா? முன்னாடியே சொல்லியிருந்தா மேசைக்கு வெள்ளை விரிப்புப் போட்டிருப்பேனே.

அண்ணி: இரங்கல் கூட்டம் இல்லீங்க. பங்களிப்புக் கூட்டம்.

மண்டபக்காரர்: வசூலா?

தம்பி: காசெல்லாம் கேக்கல. இது ஒரு மென்பொருள். கம்ப்யூட்டர்ல தமிழ் தப்பா அடிச்சா காட்டிக் குடுக்கும். இலவசம். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திறந்து பார்த்துத் திருத்தலாம். அதுக்குச் சொல்லு தர்றதுக்கு, தப்பு கண்டுபிடிக்கறதுக்கு, ஆள் சேர்க்கறோம்.

மண்டபக்காரர்: வர்றவங்களுக்கு என்ன கெடைக்கும்?

தம்பி: ஒண்ணும் கெடைக்காது.

மண்டபக்காரர்: நடத்தற உங்களுக்கு?

அண்ணி: எங்களுக்கும்தான்.

மண்டபக்காரர்: ஓசின்னா பினாயிலைக்கூடக் குடிக்கற உலகம்மா இது. உங்க ஓசிக்கு ஆள் வரலையா?

அண்ணி: எடுத்துக்க வருவாங்க. குடுக்கக் கூப்பிட்டாத்தான் மழை வந்துடும்.

மண்டபக்காரர்: சரிதான்... நான் அப்புறம் வந்து பார்க்கறேன்.

தம்பி: என்ன அண்ணி அவருகிட்ட இப்படிப் பேசிட்டீங்க?

அண்ணி: இருக்கறதைத்தான சொன்னேன். உங்க போன் அடிக்குது பாருங்க.

தம்பி: புது நம்பர்! வழி கேக்கறாங்க போல... அலோ! ஆமாங்க, குட்டுதான்... சொல்லுங்க... ஓ... அப்படியா... எந்த வார்த்தைக்குச் சிவப்புக் கோடு போடுது?... அது உங்க பேருங்களா... மன்னிச்சுக்குங்க... இல்லீங்க, பொறுப்பாளர்னு தனியா... அவரு இப்ப இல்லீங்க... எப்ப வருவாரா?... அவரு... வெளிய போயிருக்காரு. ஐயா, இன்னைக்கு இங்க கூட்டம் இருக்கு. நீங்களே வந்தீங்கன்னா உங்க பேரை உள்ள சேர்க்க நானே சொல்லித் தர்றேன், ரொம்ப சுலபம்... அலோ? ...அலோ?

அண்ணி: வெச்சுட்டாரா?

தம்பி: "இதுக்கெல்லாம் எனக்கு ஏதுங்க நேரம், நீங்க பண்ணி வைங்க"ன்னுட்டாரு.

அண்ணி: ஏன் அப்படிச் சொன்னீங்க?

தம்பி: என்ன?

அண்ணி: அவரு வெளிய போயிருக்காருன்னு.

தம்பி: ...வாய்ல வந்துடுச்சு அண்ணி. திட்டறவர்கிட்டப் போய் எப்படிச் சொல்றது? அப்புறம் அவரு பாவம், சங்கடப்படுவாரு.

அண்ணி: அதுவும் சரிதான். ...திட்டறதுக்காவது ஒருத்தர் மிச்சம் இருக்காரே.

தம்பி: சிரிச்சுட்டீங்க! எத்தனை நாளாச்சு அண்ணி நீங்க...

அண்ணி: இது சிரிப்பு இல்ல தம்பி. வாங்க, இப்படி எதிர்ல உக்காருங்க. நாம பேசி வச்சது ஞாபகம் இருக்குல்ல?

தம்பி: இருக்கு.

அண்ணி: சொல்லுங்க.

தம்பி: மண்டபத்தைத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள ஒரே ஒரு ஆளாவது வந்தா, நடத்தறது. வரலைன்னா...

அண்ணி: வரலைன்னா, "இதை இனி யாரும் பார்த்துக்கொள்வதில்லை"ன்னு ஒரு வரி எழுதிப் பூட்டிடறது. அப்புறம் இதுக்காக நீங்களும் அழக்கூடாது, நானும் அழக்கூடாது.

தம்பி: இப்பவே ஏன் அண்ணி அதைப் பேசறீங்க? இணையத்துல புனைபேர் போட்டுப் பதிஞ்சவங்க இருக்காங்களே. எறும்பு வரும். நத்தை, கொசு, அரைப்புள்ளி... எல்லாரும் வர்றேன்னு போட்டிருக்காங்க.

அண்ணி: எறும்பு வருமா?

தம்பி: கண்டிப்பா வரும். அண்ணன் போனப்புறம் அந்த எறும்புதான அண்ணி தெனம் வந்துட்டிருக்கு? தெனம் ஒரு சொல்லாவது அனுப்பிடுதே. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சும்மாவா சொன்னாங்க?

அண்ணி: எறும்பு எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க? வயசானவரா?

தம்பி: இருக்கலாம்... ரிட்டையர் ஆன வாத்தியாரா இருக்கும்.

அண்ணி: வாத்தியாரா?

தம்பி: சொல்லெல்லாம் பார்த்தா அப்படித்தான் தோணுது.

அண்ணி: பேனர், லேமினேஷன், விசிட்டிங் கார்டு, கட்டவுட்டு, நாள்வாடகை, "எழுத்துக்குத் தனிக் கட்டணம்"... எந்த வாத்தியாரு தம்பி இதையெல்லாம் பாடம் எடுக்கறாரு?

தம்பி: அது... எங்கயாவது போர்டுல பார்த்திருப்பாரு.

அண்ணி: முதல் நாள் அது எழுதினது என்னன்னு தெரியுமா? "இது என் சிறு முயற்ச்சி."

தம்பி: ...உலகத்துல ஆயிரம் பேர் அப்படி எழுதுவாங்க அண்ணி.

அண்ணி: எழுதுவாங்க. ஆயிரம் பேரும் ஒரு பிழைதிருத்திக்கு எழுத மாட்டாங்க. உங்க குட்டு உடைஞ்சு ரொம்ப நாளாச்சு தம்பி.

தம்பி: எப்ப?

அண்ணி: அன்னிக்கே.

தம்பி: அன்னிக்கேவா? தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாளும், "எறும்பு இன்னைக்கு என்ன சொல்லு அனுப்பிச்சு"ன்னு என்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

அண்ணி: ஆமா.

தம்பி: என்ன அண்ணி இது...

அண்ணி: நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

தம்பி: அண்ணன் போன அந்த வாரம்... எங்க வீட்டுல கெடந்த அவன் சட்டையெல்லாம் எடுத்துக் குடுக்க நான் உங்க வீட்டுக்கு வந்தேன்ல. கதவு திறந்து கெடந்துச்சு. நீங்க அவன் கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தீங்க. "ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல, இதுக்கா ராத்திரி பகலா கண்ணு கெடுத்துக்கிட்டீங்க"ன்னு, அவன்கிட்டயே கேக்கற மாதிரி கேட்டுட்டு இருந்தீங்க. நான் உள்ள வரல. திரும்பிப் போய் எறும்புன்னு ஒரு பேர்ல கணக்கு ஆரம்பிச்சேன்.

அண்ணி: சட்டை வச்ச பை வாசல்ல இருந்துச்சு. அவசரத்துல வச்சுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.

தம்பி: ஒருத்தர் எட்டிப் பார்த்தாப் போதும், நீங்க தேறிடுவீங்கன்னு நெனச்சேன் அண்ணி. அவ்வளவுதான்.

அண்ணி: எறும்பு வர்ற அன்னிக்கெல்லாம், சரி, தம்பி இன்னைக்குக் கடை திறந்திருக்காருன்னு நெனச்சுக்குவேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கும். ரெண்டு நாள் எறும்பு வரலைன்னா, உங்க வீட்டுக்குப் போன் போட்டு வேற ஏதாவது கேக்கற மாதிரி கேப்பேன்.

தம்பி: குக்கர் வாஷர் வாங்கித் தரச் சொல்லி... 

அண்ணி: வீட்டுல ஒரு டப்பா நிறைய வாஷர் கெடக்கு.

தம்பி: அடப்பாவமே...

அண்ணி: நத்தையும் நீங்கதான?

தம்பி: ...ஆமா.

அண்ணி: கொசு?

தம்பி: அதுவும்.

அண்ணி: ஏன் தம்பி எல்லாம் பூச்சியாவே வச்சீங்க? ஒரு யானை, ஒரு புலி...

தம்பி: புலின்னு பேர் வச்சுக்கிட்டு 'முயற்ச்சி'ன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? ஆனா அரைப்புள்ளி நான் இல்ல அண்ணி! சத்தியமா. பாருங்க, ஒருத்தராவது நிஜமா இருக்காங்க. அரைப்புள்ளி வந்துட்டா நடத்தலாம்ல?

அண்ணி: அரைப்புள்ளி வராது தம்பி.

தம்பி: ஏன்?

அண்ணி: அது நான். பேரு ரொம்பக் குறைச்சலா இருக்கேன்னு... உங்க முகம் வாடிடுமேன்னு, முந்தாநாள்தான் ஒண்ணு சேர்த்தேன்.

தம்பி: உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாதே?

அண்ணி: மருந்துக் கடையில நாள் பூரா பில்லு தட்டறவளுக்கு, ஒரு பேரைத் தட்டத் தெரியாதா?

தம்பி: ஆக... நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கூட்டம் காட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

அண்ணி: அப்படித்தான்.

தம்பி: இந்த நாற்காலியெல்லாம்...

அண்ணி: விடுங்க. நான் தொடச்சுப் போட்டதுதான, நானே அடுக்கிடறேன்.

மண்டபக்காரர்: அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. மாடியில நின்னுக்கிட்டே இருக்காங்க. இன்னும் யாரும் வரலைன்னா...

அண்ணி: எடுத்துக்குங்க. எல்லாத்தையும் எடுத்துக்குங்க.

தம்பி: அண்ணி!

மண்டபக்காரர்: அப்ப இது...

தம்பி: இவங்க உக்காந்திருக்கற நாற்காலிய மட்டும் எடுக்காதீங்க. நான் உக்காந்திருக்கறதையும் எடுத்துக்குங்க, நான் நின்னுக்கறேன். அது மட்டும் இருக்கட்டும்.

மண்டபக்காரர்: உங்க ரெண்டு பேருது எதுக்குங்க, இருங்க இருங்க. மத்ததைத் தூக்கிக்கறேன். பேனர்ல ஏதோ உரிஞ்சு தொங்குது பாருங்க...

அண்ணி: டேப்பு. உரிஞ்சா உரியட்டும்.

தம்பி: படியில பார்த்துத் தூக்கிட்டுப் போங்க சார்.

அண்ணி: போயிட்டாரு. எழுந்து அவர் படத்தை எடுத்துப் பைக்குள்ள வைங்க தம்பி. கிளம்பலாம். பேசினது பேசினதுதான்.

தம்பி: இன்னும் ஒருத்தர் வரணும் அண்ணி.

அண்ணி: யாரு?

தம்பி: சாவிக்காரர்.

அண்ணி: மண்டபத்துச் சாவியா?

தம்பி: இல்ல அண்ணி. அண்ணன் போறதுக்கு முன்னாடி, குட்டோட சாவிய, அதான் அந்தப் பாஸ்வேர்டை, யாரோ ஒரு சிநேகிதர்கிட்டக் குடுத்துட்டான்னு நீங்கதான சொன்னீங்க. பேர் தெரியாதுன்னீங்க. அவருதான் அண்ணன் பேர்லயே உக்காந்துக்கிட்டு, நான் அனுப்பற சொல்லையெல்லாம் ஏத்துக்கறாரு. எறும்பு நான். நத்தை நான். ஆனா ஏத்துக்கறது நான் இல்லையே!

அண்ணி: அது... ஏதாவது தானா நடக்கறதா இருக்கும் தம்பி. மெஷினு.

தம்பி: மெஷினா? முதல் சொல்லை அனுப்பினப்ப என்ன பதில் வந்துச்சு தெரியுமா? "எறும்பு ஊரக் கல்லே தேயுது. 'ற்' மட்டும் ஒண்டிக்கட்டைடா, மாறாது. குட்டியாச்சு, உள்ள வா." அப்படியே அண்ணன்! "குட்டியாச்சு, உள்ள வா"ன்னு, சொல்லை ஏத்துக்கறப்ப அவன் எல்லாருக்கும் எழுதறதுதான். ஆனா அந்த 'டா'... அந்த ஒண்டிக்கட்டை... அது என்கிட்ட மட்டும் சொல்றது அண்ணி. கடையில ஆள் இருந்தாங்க. ஷட்டரை இறக்கிட்டு உக்காந்து அழுதேன்.

அண்ணி: தம்பி...

தம்பி: அவன் போயிட்டான்னு எனக்குத் தெரியும். நான்தான தூக்கினேன். ஆனா தெனம் காலையில எழுந்ததும் ஒரு சொல்லை அனுப்பிட்டு, பதில் வர்றவரைக்கும்... அந்தக் கொஞ்ச நேரம் அவன் எங்கேயோ உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கான்னுதான் தோணும். முதல்ல உங்களுக்காகத்தான் அனுப்பினேன். அப்புறம் எனக்காகத்தான் அனுப்பினேன். 'முயற்ச்சி'ய வேணும்னே தப்பா எழுதி அனுப்புவேன், குட்டு வாங்கறதுக்கு.

அண்ணி: இன்னைக்குப் பேனர்ல?

தம்பி: அது நிஜமாவே தப்பு.

அண்ணி: ...அந்த ஆளுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும் தம்பி. செத்தவர் வாயால பேசறதுன்னா சும்மாவா? பதில் போடலைன்னா எறும்பு வராமப் போயிடுமேன்னு பயந்துகூடப் போட்டிருக்கலாம். போட்டுட்டு, அப்புறம் நாள் பூரா சொந்தப் பேச்சு வராம உக்காந்திருக்கலாம். இனிமே முடியாதுன்னு தோணியிருக்கலாம்.

தம்பி: அதைத்தான் நேர்ல கேக்கணும் அவரை. வர்றாரு அண்ணி இன்னைக்கு. கூட்டத்துக்கு அறிவிப்புப் போட்டேன்ல, அதுக்குக் கீழ அவரே எழுதினாரு. "நானும் வர்றேன். கடைசி நாற்காலி எனக்கு. கதவுகிட்டப் போட்டு வைங்க."

அண்ணி: உங்க அண்ணன் எங்க போனாலும் அங்கதான உக்காருவாரு.

தம்பி: அதுகூடத் தெரிஞ்சவரு! அதான் காலையிலருந்து சொல்லிட்டே இருக்கேன். கூட்டமே அவருக்காகத்தான் அண்ணி கூட்டினேன். யாரும் வர வேண்டாம், அவரு ஒருத்தர் வந்தாப் போதும். ஒரு தடவை முகத்தைப் பார்த்து, "எறும்பு நான்தாங்க"ன்னு சொல்லிட்டு, ஒரு கும்பிடு போட்டுடறேன். அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே பூட்டிடலாம், அழ மாட்டேன்... மழையும் விட்டுடுச்சு. இப்ப வந்துடுவாரு. எந்திரிங்க அண்ணி, அவரு வந்தா எந்திரிச்சுக்கறேன்னு சொன்னீங்கள்ல?

அண்ணி: எதுக்கு எந்திரிக்கணும் தம்பி... எனக்குன்னு நானே எழுதிக் கேட்ட நாற்காலி இது.